கேட்டைத் தாண்டாத டோக்கன்

அப்பா,

இன்று காலையும் மெஷின் என் விரலை ஏற்கவில்லை. மண்ணூர்பேட்டையில் என் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், விரல் வைத்தால் பச்சை விளக்கு எரிகிற ஒரு பெட்டி. ஸ்ப்ரே அடிக்கிற பெயிண்ட் ஷாப்பில் தின்னரைத் தொட்டுத் தொட்டு என் ரேகை தேய்ந்துவிட்டது. வைத்தேன், சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடியும் சிவப்பு. பின்னால் நின்ற வரிசை கத்த ஆரம்பித்தது.

"இன்னா மாமே, வெரல ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்றார் செக்யூரிட்டி. "பேன்ட்ல நல்லா தேச்சிகினு வை."

தேய்த்தேன். பாக்கெட்டுக்குள் உங்கள் பித்தளை டோக்கன் கையில் இடறியது. அதைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு விரலை வைத்தேன். பச்சை எரிந்தது. உங்களால்தான் எரிந்தது என்று சொல்லமாட்டேன், அந்த மாதிரிக் கதையெல்லாம் எனக்கு ஆகாது. ஆனால் விரலில் ஒட்டிய பித்தளை வாடை பெயிண்ட் வாடையையும் மீறி மத்தியானம் வரை இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஆவடி ஃபேக்டரியில் ஒரு பலகை இருந்தது. கேட்டுக்கு உள்ளே, டைம் ஆபீஸ் சுவரில். அதில் உங்களுக்கென்று ஓர் ஆணி, அந்த ஆணியில் ஒரு பித்தளை வில்லை, அதில் குத்தியிருக்கும் எண் இருபத்தேழு பதினாறு. காலையில் அதைக் கழற்றிப் பக்கத்துப் பலகையில் மாட்டினால் நீங்கள் வேலைக்கு வந்துவிட்டீர்கள். சாயங்காலம் பழைய ஆணியில் மாட்டினால் வீட்டுக்குப் போகலாம். நீங்கள் படுத்துத் தூங்கும்போதும் உங்களுக்காக ஓர் ஆணி அங்கே காத்திருந்தது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. எத்தனை வருஷம் ஆனாலும் நான் கான்ட்ராக்ட். கான்ட்ராக்டர் மாறினால் என் விரலையும் மெஷினிலிருந்து அழித்துவிடுவார்கள்.

சின்ன வயதில் உங்கள் ஃபேக்டரிமேல் எனக்குப் பொறாமை. சங்கு ஊதினால் பாதிச் சோற்றில் எழுவீர்கள். நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டீர்கள். குவார்ட்டர்ஸ் தெருவில் மற்ற அப்பாக்கள் எல்லாம் பிள்ளைகள் கத்தினால் சைக்கிளை நிறுத்துவார்கள். நான் பின்னாலேயே ஓடி வந்து கத்துவேன். நீங்கள் மிதித்துக்கொண்டே போவீர்கள். பிறகு நான் ஃபேக்டரியின் அப்ரண்டிஸ் பரீட்சையில் தேறாமல் போனபோது, "ஏலே, ஒரு பரிட்சை எழுதத் துப்பில்ல உனக்கு" என்றீர்கள். அதற்கப்புறம் என் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அம்மா போன பிறகு உங்களுக்கு நினைவு கலங்கியது. விடிவதற்குள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஃபேக்டரி கேட்டில் நிறுத்தி, யாராவது தெரிந்தவர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விடுவார். ஒரு நாள் ரயில்வே கேட் ஓரமாக உட்கார்ந்திருந்தீர்கள், கால் முழுக்க ரத்தம். நான் ஷிப்டுக்குப் போக வேண்டும். உங்களை உள்ளே வைத்துப் பூட்ட எனக்கு மனசு வரவில்லை, பூட்டாமல் போகத் தைரியமும் வரவில்லை. திருமழிசையில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "பெத்தவனை ஹோம்ல தள்ளிட்டான்" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு பொழுது உங்களோடு வந்து உட்காரவில்லை. அவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அங்கேயும் நீங்கள் விடவில்லை. அட்டெண்டர் தேவி அக்கா முதல் வாரமே என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா பண்றது? காலங்காத்தால உங்கப்பா கேட்ட புட்சிகினு ஒலுக்குறாரு. சங்கு ஊதிருச்சாம், லேட்டாயிருச்சாம். இட்லி வெச்சா தட்ட வீசுறாரு. புட்ச்சு இஸ்தா என் கைய முறுக்குறாரு. அந்த வயசுலயும் இன்னா பலம்!"

அதற்கு அவர்கள் கண்ட வழி தூக்க மாத்திரை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது நாற்காலியோடு சேர்த்து ஒரு துண்டால் உங்கள் இடுப்பைக் கட்டியிருந்தார்கள். தலை தொங்கியிருந்தது. வாயோரம் எச்சில். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கும் அடங்கலைன்னா எங்களால வெச்சுக்க முடியாது. வேற இடம் பாத்துக்கோங்க" என்றார். வானகரத்தில் கேட்டேன், அம்பத்தூரில் கேட்டேன். சத்தம் போடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். அமைதியாக இருக்கிற கிழவர்களை மட்டும்தான் எல்லாருக்கும் கவனிக்கத் தெரிகிறது.

அப்போதுதான் எஸ்தர் வந்தார். பூந்தமல்லிக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சமூகப் பணி படித்தவர். அந்த இல்லத்தில் புதிதாகப் போட்டிருந்த சோஷியல் ஒர்க்கர். வராந்தாவில் என்னை உட்காரவைத்து அவர் கேட்ட முதல் கேள்வி உங்கள் வியாதியைப் பற்றி அல்ல.

"அப்பா ஃபேக்டரிக்குள்ள போனதும் முதல்ல என்ன செய்வார் சார்?"

"வேலை செய்வார்."

"அதுக்கு முன்னாடி?"

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்ததும் செய்வதெல்லாம் தெரியும். சட்டையைக் கொடியில் போடுவீர்கள், கிணற்றடியில் கால் கழுவுவீர்கள், அம்மாவிடம் சொம்பை நீட்டுவீர்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது.

அவர் உங்களிடமே கேட்டார். பல நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாராம். தேவி அக்கா நொடித்தார். "நர்சம்மா ஊசி போடுது. நாங்க பீ மூத்திரம் அள்றோம். சமையக்காரம்மா சோறு ஆக்குது. இந்தம்மா இன்னா பண்ணுது? ஒக்காந்து பேசிகினு கீது. அத்துக்கு ஒரு சம்பளம்!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு அறை வாசலில் எஸ்தர் மாட்டிய ஒரு பிளைவுட் பலகை தொங்கியது. இரண்டு வரிசை ஆணி. மேலே ‘வெளியே’, கீழே ‘உள்ளே’. ஸ்வீட் டப்பா அட்டையை வட்டமாக வெட்டி, தங்கநிறத் தாள் ஒட்டி, மார்க்கரில் 2716 என்று எழுதியிருந்தது. காலையில் நீங்கள் கேட்டுக்குப் போகவில்லையாம். நேராகப் பலகைக்கு வந்து, அட்டையைக் கீழ் ஆணியில் மாட்டிவிட்டு, தோளை இறக்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைத் தின்றீர்களாம். லேட் ஆகவில்லை. உங்களை உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவ்வளவுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது.

மாத்திரையைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் போராடியதும் எஸ்தர்தான். "தூங்க வைக்கிறதுக்குப் பேர் கவனிப்பு இல்ல சார்" என்று மேனேஜர் அறையில் அவர் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது. இடுப்பில் கட்டிய துண்டு போனது. வேறு இடம் பார்க்கச் சொல்லி மேனேஜர் பிறகு பேசவில்லை. பலகையில் ஆணிகள் கூடின. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தனக்கும் நம்பர் கேட்டார். வாழ்நாள் முழுக்கப் பிறர் வயலில் நாற்று நட்ட ஓர் அம்மா, "எனக்கும் ஒரு வில்லை வெட்டுடி. நான் மட்டும் வேலைக்குப் போகாதவளா?" என்று சண்டை பிடித்தாராம். இதையெல்லாம் எஸ்தர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

எனக்கு நன்றி வரவில்லை அப்பா. வயிறு எரிந்தது.

நீங்கள் அவரை ‘டைம் ஆபீஸ் அம்மா’ என்றீர்கள். அவர் வந்தால் எழுந்து நின்றீர்கள். நான் வந்தால், "தம்பி எந்த செக்‌ஷன்?" என்றீர்கள். முதல் தடவை, "அப்பா, நான்தான்" என்றேன். நீங்கள் சங்கடமாகச் சிரித்தீர்கள், ஆள் மாறிக் கூப்பிட்டவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல. அப்புறம் நானும் விட்டுவிட்டேன்.

"பெயிண்ட் ஷாப்."

"பர்மனென்டா?"

"கான்ட்ராக்ட்."

"அடப்பாவமே. முகத்துல துணியைக் கட்டிக்கோ தம்பி. அந்தப் புகை நெஞ்சுல தங்கிரும். ராத்திரி ஷிப்டுன்னா வெறும் வயித்தோட போகாதே."

ஒவ்வொரு ஞாயிறும் இதே பேச்சு. உங்கள் பங்கு பிஸ்கட்டில் பாதியை உடைத்து என் கையில் வைப்பீர்கள். உங்கள் மகன் பெயிண்ட் புகையில் இருமிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாட்களில் நீங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊர் பேர் தெரியாத ஒரு கான்ட்ராக்ட் பையனுக்கு இவ்வளவு பாசமா? நான் அவனாகவே உட்கார்ந்திருந்து அவன்மேல் பொறாமைப்பட்டேன். இப்படி ஒரு பொறாமையை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு நாள் உங்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். எஸ்தர் போகிற போக்கில், "இந்தப் பக்கம் வாங்க சார். இடது காது அவருக்குக் கேட்காது" என்றார்.

"எப்போதிலிருந்து?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல இரும்பு அடிக்கிற பெரிய ஹேமர் பக்கத்துலயே நின்னாராம். அப்பவே போயிடுச்சு. வெளியே தெரிஞ்சா வேலைக்கு ஆகாதுன்னு அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலையாம். வீட்டுல கூட."

நான் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன். சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவேனே, தெருவின் எந்த ஓரத்தில் ஓடினேன் என்று யோசித்துப் பார்த்தேன். இடது ஓரம். எப்போதும் இடது ஓரம்தான், வண்டி இடிக்காமல் இருக்க அம்மா சொல்லிக்கொடுத்தது. இருபது வருஷக் கோபம் ஒரு நிமிஷத்தில் அர்த்தமில்லாமல் போய்விட்டது. ஆனாலும் என் அப்பாவுக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர ஓர் அந்நியர் வர வேண்டியிருந்தது. நீங்கள் அதை எங்களிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னீர்கள். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் பீரோவைக் குடைந்தேன். நீங்கள் ரிட்டயர் ஆன நாளில் மாலை, சால்வையோடு பலகையிலிருந்து கழற்றி உங்கள் கையில் கொடுத்தார்களே, அந்த நிஜ டோக்கன், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் கறுத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. எஸ்தர் கொடுத்தது ஸ்வீட் டப்பா அட்டை. நான் கொண்டுபோவது ஒரிஜினல். அதைப் பார்த்ததும் உங்களுக்கு எல்லாம் திரும்பி வரும், நான் யாரென்றும் தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

மதியச் சாப்பாடு முடிந்து நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். வலது பக்கம் போய் உட்கார்ந்து உள்ளங்கையில் வைத்தேன்.

கட்டைவிரலால் எண்ணைத் தடவினீர்கள். முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்தது.

"இது எப்படி உன் கையில வந்துச்சு?"

"வீட்டுல இருந்துச்சு. பீரோல."

"வீட்டுக்கா கொண்டுபோனே?" நீங்கள் கையை மூடித் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு கேட்டைப் பார்த்தீர்கள். "டோக்கன் கேட்டைத் தாண்டக் கூடாதுல்லா? யாருமே சொல்லலியா உனக்கு? எங்களுக்குன்னா மெமோ. உனக்கு மெமோகூட கிடையாது தம்பி. நாளையிலிருந்து வராதேன்னு ஒரு வார்த்தைதான்."

உங்கள் நெற்றியெல்லாம் வியர்வை. உங்களைச் சந்தோஷப்படுத்த வந்தவன் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். நீங்கள் குனிந்து என் காதில் சொன்னீர்கள்.

"எவனாவது கேட்டா நான்தான் எடுத்தேன்னு சொல்லிரு. நான் பர்மனென்ட். என்னை என்ன செஞ்சிருவான்? ரெண்டு நாள் சஸ்பெண்ட் பண்ணுவான், போகட்டும். நீ வாயைத் திறக்காதே."

எஸ்தர் வந்துவிட்டார். அந்த நிமிஷம் அவரும் தோற்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். நீங்கள் தடுமாறி எழுந்து நின்றீர்கள்.

"அம்மா, தப்பு என்மேல. மறதியா பையில போட்டுட்டேன். இந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. இவன் பேரை எழுதிராதீங்க."

அவர் டோக்கனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்தது புரிந்துவிட்டது அவருக்கு. "டோக்கன் இப்போ கேட்டுக்கு உள்ளேதானே இருக்கு?" என்றார்.

நீங்கள் சுற்றிப் பார்த்தீர்கள். "உள்ளதான்."

"உள்ளே இருக்கிற டோக்கனுக்கு நான் என்னத்தை எழுத? போய் மாட்டுங்க."

நடந்துபோய் அட்டை வில்லைமேல் பித்தளை வில்லையை மாட்டினீர்கள். திரும்பி வரும்போது என் முதுகில் தட்டி, "போ தம்பி, வேலையைப் பாரு. இனிமே அதைத் தொடாதே" என்றீர்கள். உங்கள் கை என் முதுகில் பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தட்டும் அந்தக் கான்ட்ராக்ட் பையனுக்குத்தான்.

வெளியே வந்து ஹைவே ஓரமாக நின்றேன். பின்னாலேயே எஸ்தர் வந்தார். அவரிடம் பொரிந்தேன். "நான் அவர் மகன்னு நீங்க சொல்லியிருக்கலாம் மேடம். உங்களுக்கு அவர் ஒரு நம்பர். எனக்கு அப்பா."

"சொல்லாமலா இருப்பேன்? எத்தனையோ தடவை சொல்லிட்டேன் சார். ‘என் மகன் ஸ்கூலுக்குப் போயிருக்கான்’னு சொல்றார்." ஒரு லாரி போகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார். "என்னைப் பார்த்தா அவருக்குப் பயம். நான் ஆபீஸ். எனக்காக அவர் பழி ஏத்துக்கமாட்டார். எங்க அப்பாகூட எனக்காக அப்படி நின்னதில்ல. இன்னைக்கு உங்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்துச்சு, போங்க."

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி பற்றிக்கொண்டது.

மழைக்காலத்தில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் விடவில்லை. எஸ்தர் போன் செய்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். கான்ட்ராக்ட் ஆட்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அப்பன் சாகிற செய்தி செக்யூரிட்டி கூண்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலுக்கு வலது பக்கம் ஒரு நாற்காலி. அதில் எஸ்தர்.

அந்த நாற்காலி எனக்கு உரியது அப்பா. அவர் நல்லவர், அதில் சந்தேகமில்லை. இருந்தும் அந்த நாற்காலிக்காக அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"கடைசியா என்ன சொன்னார்?"

"ஷிப்ட் முடிஞ்சுதாம்மான்னு கேட்டார். முடிஞ்சுது, கிளம்பலாம்னு சொன்னேன்." எழுந்துபோய்ப் பலகையிலிருந்து பித்தளை டோக்கனைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் தயங்கினேன். "ரிட்டயர் ஆனா வெளியே கொண்டுபோகலாமாம். அவர் சொன்ன ரூல்தான்" என்றார். அப்போதுதான் அவர் அழுதார். நான் பிறகுதான் அழுதேன். அதிலும் அவர் முந்திக்கொண்டார்.

போன வாரம் தேவி அக்கா போன் செய்தார். எஸ்தரை நிறுத்திவிட்டார்களாம். நர்ஸ் வேண்டும், ஆயா வேண்டும், பேசுவதற்கு எதற்கு ஆள் என்று மேலே இருப்பவர்கள் கேட்டார்களாம். பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தபோதெல்லாம் அந்தப் பலகைக்கு முன்னால்தான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எஸ்தர் மாத்திரையைப் பற்றிக் கேள்வி கேட்டபோது மட்டும் அதிகப்படி ஆள் ஆகிவிட்டார். அவரும் கான்ட்ராக்ட்தான், எனக்கு அது அப்போது தோன்றவே இல்லை.

"பலகையயும் கழட்டிட்டாங்கபா," என்றார் தேவி அக்கா. "பெருசுங்கோ காலைல வந்து வெறும் செவுத்த பாத்துகினு நிக்குதுங்கோ. அந்த நடவு நட்ட கெயவி என்னாண்ட சண்டைக்கு வருது, ‘என்னை வேலைய வுட்டு எடுத்துட்டீங்களாடி’ன்னு. நானே சொன்னேன் இல்ல, பேசிகினுதான கீதுன்னு? என் வாய்ல மண்ணு."

புதிதாக அங்கே போய்ச் சேருகிற கிழவருக்கு எந்தக் காது கேட்கும் என்று இனி யார் கேட்பார்கள்? குளிப்பாட்டுவார்கள், சோறு ஊட்டுவார்கள், கேட்காத பக்கம் நின்று கத்துவார்கள், திரும்பவில்லை என்றால் மாத்திரை கொடுப்பார்கள். நான் வருஷக்கணக்காக உங்களைப் பற்றி நினைத்ததையே அவர்களும் நினைப்பார்கள், கிழவனுக்குத் திமிர் என்று.

உங்கள் படம் சுவரில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலது காது என் இடது கைப்பக்கம் வருகிறது. முதல் சில நாள் தப்பான பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நாற்காலியை மாற்றிப் போட்டுவிட்டேன். இதை எழுதுவதும் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துதான். அதையும் எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான் என்பது இப்போதும் எரிகிறது. எரியட்டும்.

நாளை காலை ஷிப்ட். துணி கட்டிக்கொண்டுதான் ஸ்ப்ரே அடிக்கிறேன். அந்தப் பையனுக்கு நீங்கள் சொன்னதை நான் எடுத்துக்கொண்டேன். டோக்கனும் பாக்கெட்டில் இருக்கும். இதை எப்படிக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தாய் என்று எவனாவது கேட்டால், நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.